பாபி ராப்சன்: ஆட்டக்காரராக இருந்து கோச் ஆனவரின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும், எங்கே தொடங்குவது?

மணல்மேடு:

எல்லோருக்கும் வணக்கம். லெஸ்டரில் இருக்கிறேன், வயது 34. வார இறுதி லீக்கில் 11 வருடம் நடுக்களத்தில் ஆடினேன். போன குளிர்காலத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து நடக்கிறேன், படி ஏறுகிறேன். ஆனால் பழையபடி திரும்பி ஓட முடியாது என்று பிசியோ சொல்லிவிட்டார். இரண்டு மாதம் மைதானத்துப் பக்கமே போகவில்லை. இப்போது கோச்சிங் படிக்கலாமா என்று ஒரு யோசனை.

படிப்புக்கு முன்னால், இங்கிலாந்தில் ஆட்டக்காரராக இருந்து கோச் ஆன ஒருவருடைய வாழ்க்கையை முழுசாகத் தெரிந்துகொள்ள ஆசை. கேட்டவர்களில் பாதிப் பேர் சர் பாபி ராப்சன் பெயரைத்தான் சொல்கிறார்கள். பட்டியலைப் பார்த்தால் எனக்குப் புரியவில்லை. இங்கிலாந்தில் ஒரு லீக் பட்டம்கூட இல்லை. ஃபுல்ஹாமில் வேலை போயிருக்கிறது, நியூகாசிலில் வேலை போயிருக்கிறது, தேசிய அணியோடு கோப்பை எதுவும் இல்லை. பிறகு ஏன் மக்கள் இவரை இப்படிக் கொண்டாடுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடுக்கோடு:

என்னைக் கேட்டால் பிரையன் கிளஃபைப் படியுங்கள். உங்கள் நிலைமைக்கு அவர்தான் பொருத்தம். 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் அடித்தவர். 1962 டிசம்பர் 26, சண்டர்லேண்டுக்காக ஆடும்போது முழங்கால் போனது. அதோடு ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய முடிந்தது. 30 வயதில் மேனேஜர் ஆனார். 1972இல் டார்பிக்கும் 1978இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 1979, 1980 என்று அடுத்தடுத்து இரண்டு முறை கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை. ராப்சன் நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல மனிதர் என்பதையும் பெரிய கோச் என்பதையும் நம் ஆட்கள் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று தோன்றுகிறது.

டைன் கரை:

நடுக்கோடு சொன்ன கணக்கு எல்லாம் சரி. கிளஃப் பெரியவர்தான். ஆனால் அவர் செய்ததை இன்னொருவர் பார்த்துச் செய்ய முடியாது. அது அவருடைய வாயோடும் அவருடைய தைரியத்தோடும் போய்விட்டது. ராப்சனிடம் கற்றுக்கொள்ள முடியும், என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை கோச்சும்கூட. மணல்மேடு தம்பி, இது நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இவரைப் பற்றிக் கேட்டால் எனக்குச் சுருக்கமாகப் பேச வராது.

நான் 2002 செப்டம்பரில் படிக்க நியூகாசிலுக்கு வந்தேன். அப்போது கால்பந்தில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. நவம்பர் 13 அன்று இரவு, ஐந்து பேர் இருந்த வாடகை வீட்டில் எல்லோரும் ஒரு சின்ன டிவியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சாம்பியன்ஸ் லீக் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்ற நியூகாசில், அடுத்த இரண்டில் ஜுவென்டஸையும் டைனமோ கீவையும் ஜெயித்து, கடைசி ஆட்டத்துக்கு ஃபெயனூர்ட் அணியின் ஊருக்குப் போயிருந்தது. இரண்டு கோல் முன்னால் இருந்து, அதை விட்டுவிட்டு 2-2. ஆட்டம் முடியும் நேரத்தில் கிரெய்க் பெலமி ஒன்று போட்டார், 3-2. மூன்றையும் தோற்றுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போன முதல் அணி அதுதான். என் பக்கத்தில் இருந்த பையன் தரையில் உட்கார்ந்து அழுதான். டிவியில் நரைத்த தலையோடு ஒரு பெரியவர், 69 வயது, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். அவர்தான் ராப்சன், அப்போது நியூகாசில் மேனேஜர். அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படிக்க ஆரம்பித்தேன்.

நீங்கள் பட்டியலில் கோப்பைகளைத் தேடுகிறீர்கள். ஒவ்வொரு வேலையும் போன பிறகு அவர் அடுத்து என்ன செய்தார் என்று பாருங்கள். அவருடைய வாழ்க்கை எனக்கு அந்த இடங்களில்தான் புரிந்தது.

முதலில் பிறந்த இடம். 1933, டர்ஹம் மாவட்டத்தில் சாக்ரிஸ்டன். வளர்ந்தது லாங்லி பார்க், நிலக்கரிச் சுரங்க ஊர். ஐந்து பையன்களில் நான்காவது. அப்பா பிலிப் சுரங்கத் தொழிலாளி. 51 வருட வேலையில் அவர் தவறவிட்டது ஒரே ஒரு ஷிப்ட் என்று மகன் பெருமையாகச் சொல்வார். சனிக்கிழமைகளில் அப்பா பையன்களைக் கூட்டிக்கொண்டு 17 மைல் தூரத்தில் இருக்கும் நியூகாசில் அணியின் மைதானம் செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்குப் போவார். ஜாக்கி மில்பர்ன் ஆடுவதைப் பார்க்க.

15 வயதில் பள்ளியை விட்டு, அதே சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன் வேலை பழகினார். 1950இல் ஃபுல்ஹாம் மேனேஜர் பில் டாட்ஜின் நேரில் வீட்டுக்கே வந்து கேட்டார், பையன் லண்டன் போனார். தொழிலை விடக் கூடாது என்று அப்பா நிபந்தனை போட்டதால், 1951இல் நடந்த பிரிட்டன் விழாவுக்காகத் தேம்ஸ் தென்கரையில் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் பகலெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை, மாலையில் பயிற்சி. உடம்பு தாங்கவில்லை. கடைசியில்தான் வயரை விட்டுவிட்டுப் பந்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

ஆட்ட வாழ்க்கையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1956இல் 25,000 பவுண்டுக்கு வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் வாங்கியது. 1957 நவம்பரில் பிரான்ஸுக்கு எதிராக இங்கிலாந்து அணியில் முதல் ஆட்டம், அதிலேயே இரண்டு கோல். மொத்தம் 20 சர்வதேச ஆட்டங்கள். 1962 உலகக் கோப்பைக்குச் சிலி போன இடத்தில் கணுக்காலில் அடி. அவர் இடத்தில் ஒரு சின்னப் பையனை இறக்கினார்கள். அந்தப் பையன் பெயர் பாபி மூர், 1966இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை ஜெயித்தபோது கேப்டன். பிறகு அந்த இடம் ராப்சனுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. தம்பி, உங்கள் முழங்காலை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னாலேயே அவர் வேறொரு கதவைத் திறந்து வைத்திருந்தார். ஆடிக்கொண்டிருக்கும்போதே, தேசிய அணியைப் பார்த்துக்கொண்டிருந்த வால்டர் விண்டர்பாட்டம் சொல்லி, அவரும் அணித் தோழர் டான் ஹோவும் லில்லஷால் பயிற்சி மையத்தில் கோச்சிங் படித்தார்கள். அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்கள் கோடை விடுமுறையில் வகுப்புக்குப் போவது சாதாரண விஷயம் இல்லை. ஆடத் தெரிந்தவனுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம்.

இப்போது ஃபுல்ஹாம். 1968 ஜனவரியில் மேனேஜர் ஆனார். அணி ஏற்கெனவே கடைசியில் கிடந்தது, அந்தப் பருவமே கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. டான்பிரிட்ஜ் என்ற சின்ன கிளப்பிலிருந்து மால்கம் மக்டொனால்டு என்ற பையனை 1,000 பவுண்டுக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் இங்கிலாந்துக்காக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்தவர் அந்த மக்டொனால்டு. ஆனால் பலனைப் பார்க்க ராப்சனுக்கு நேரம் கொடுக்கவில்லை. நவம்பரில் ஒருநாள் பட்னி ஸ்டேஷன் வாசலில் மாலைப் பத்திரிகையின் விளம்பரப் பலகையைப் பார்க்கிறார். பெரிய எழுத்தில் "ராப்சன் நீக்கம்" என்று இருக்கிறது. தன் வேலை போன செய்தியை ரோட்டோரத்தில் நின்று படிக்கிறார். வயது 35. மனைவி எல்ஸி, மூன்று மகன்கள்.

என் கதை ஒன்று இருக்கிறது. நான்கு வருடம் முன்னால் ஒரு கிளப்பில் 13 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது. மழையில் கோன் அடுக்கி, பையில் பந்து சுமந்து மூன்று வருடம். ஒரு வியாழக்கிழமை இரவு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் புதுக் கோச்சுக்கு வரவேற்பு என்று ஒரு செய்தி வந்தது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் அப்படியே நின்றேன். ராப்சனோடு என்னை ஒப்பிடும் தகுதி எனக்கு இல்லை, தெரியும். ஆனால் அந்த பட்னி பலகைக் கதையை அன்று இரவு திரும்ப எடுத்துப் படித்தேன், அதற்கு அடுத்த பக்கத்தையும் படித்தேன்.

அடுத்த பக்கம் இதுதான். வேலை போனவர் வீட்டில் உட்காரவில்லை. செல்சிக்காக ஆட்டக்காரர்களைப் பார்த்துக் குறிப்பு எடுத்துத் தரும் வேலைக்குப் போனார். அப்படி ஒருநாள் இப்ஸ்விச் டவுனின் போர்ட்மன் ரோடு மைதானத்துக்குப் போனபோது அந்த கிளப்பின் இயக்குநர் ஒருவரைச் சந்தித்துப் பேச்சுக் கொடுத்தார். இப்ஸ்விச்சுக்கு மேனேஜர் வேண்டியிருந்தது. 1969 ஜனவரியில் அந்த வேலையில் சேர்ந்தார், 13 வருடம் இருந்தார்.

இப்ஸ்விச் பற்றி ஆர்வெல் அண்ணன் இங்கே இருக்கிறார், அவர் சொன்னால்தான் நன்றாக இருக்கும். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

ஆர்வெல்:

கூப்பிட்டதற்கு நன்றி. நான் ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்தில் வேலை, இப்ஸ்விச்சில் 22 வருடமாக வீடு. என்னோடு கிரேன் ஓட்டும் வயதானவர்கள் அந்த 13 வருடத்தைப் பற்றிப் பேசும்போது நேற்று நடந்த மாதிரி பேசுவார்கள்.

ஆரம்பம் நன்றாக இல்லை. மூன்றாவது வருடம் ஆகியும் அணி தேறவில்லை. 1971இல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் லீக் கோப்பையில் தோற்ற இரவு, ராப்சனே வெளியே போ என்று மைதானமே கத்தியது. அதற்குப் பிறகு நடந்த நிர்வாகக் கூட்டத்தில் தலைவர் ஜான் காப்போல்டு எடுத்த முதல் விஷயம், ரசிகர்கள் நடந்துகொண்ட விதத்துக்காக மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டதுதான். இப்போது இருக்கிற முதலாளிகளில் யார் அப்படிச் செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ராப்சன் தான் சந்தித்த எல்லா முதலாளிகளையும் காப்போல்டு சகோதரர்களோடுதான் ஒப்பிட்டிருப்பார் என்று நினைக்கிறேன், பாவம் மற்றவர்கள்.

13 வருடத்தில் வெளியிலிருந்து வாங்கிய ஆட்டக்காரர்கள் 14 பேர்தான். மற்றவர்கள் எல்லாம் உள்ளேயே வளர்ந்த பையன்கள். கெவின் பீட்டி, ஜான் வார்க், டெரி புட்சர், ஜார்ஜ் பர்லி, எரிக் கேட்ஸ். 1973 முதல் 1982 வரை பத்துப் பருவங்களில் ஒன்பதில் முதல் ஆறு இடங்களுக்குள். அந்த ஒரே ஒரு மோசமான பருவத்தில் 18ஆவது இடம், ஆனால் அதே 1978இல்தான் வெம்ப்ளியில் ஆர்சனலை 1-0 என்று ஜெயித்து எஃப்ஏ கோப்பை. கோல் போட்டவர் ராஜர் ஆஸ்போர்ன். போட்டவுடன் மகிழ்ச்சியிலும் களைப்பிலும் நிற்க முடியாமல் போய், அவரை மாற்ற வேண்டியதாகிவிட்டது.

பிறகு அர்னால்டு மூரன், ஃபிரான்ஸ் தைசன் என்று இரண்டு டச்சுக்காரர்களை டுவெண்டே கிளப்பிலிருந்து கொண்டுவந்தார். இங்கிலாந்து கிளப்புகள் வெளிநாட்டுக்காரர்களைச் சேர்க்கத் தொடங்கிய முதல் வருடம் அது. தூக்கி அடிக்கிற ஆட்டத்தை விட்டுத் தரையோடு பாஸ் ஆடுகிற அணியாக மாற்றினார். 1981இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஃபா கோப்பை, இறுதியில் நெதர்லாந்தின் ஏஇசட் 67 அணியை இரண்டு ஆட்டங்களும் சேர்த்து 5-4. வார்க் மட்டும் அந்தத் தொடரில் 14 கோல், அதுவும் மிட்ஃபீல்டராக ஆடி. லீக்கில் 1981, 1982 இரண்டு முறையும் இரண்டாம் இடம்.

நடுக்கோடு சார், லீக் பட்டம் இல்லை என்பது உண்மை. எங்கள் ஊரின் அளவையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நடுக்கோடு:

14 பேர் என்பது எனக்குத் தெரியாது. நான் கொஞ்சம் அவசரப்பட்டுப் பேசிவிட்டேன். ஆனால் 1982 முதல் இங்கிலாந்து அணியின் மேனேஜராக எட்டு வருடம் இருந்தாரே, அங்கே நேரமும் இருந்தது, ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். அதற்கு என்ன சொல்வீர்கள்?

டைன் கரை:

நியாயமான கேள்வி. நாடுகளுக்கான 1988 ஐரோப்பியக் கோப்பையில் மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. அது மோசம்தான், அவரைப் பிடித்தவன் என்பதற்காக நான் அதை மூடி மறைக்க மாட்டேன். பத்திரிகைகள் அவரைக் குதறின. ஒரு கட்டத்தில் கிளஃபுக்கு வேலையைக் கொடுங்கள், நான் விலகிக்கொள்கிறேன் என்று அவரே கால்பந்துச் சங்கத் தலைவரிடம் சொன்னார், அவர்கள் கேட்கவில்லை. 1986 உலகக் கோப்பையில் மரடோனா கையால் போட்ட கோல். 1990இல் டுரினில் மேற்கு ஜெர்மனியோடு 1-1, பெனால்டியில் போனது. வெளிநாட்டு மண்ணில் இங்கிலாந்து ஆண்கள் அணி உலகக் கோப்பை அரையிறுதி ஆடியது அதுதான் முதல் முறை. அதற்கு முன்பே சங்கம் ஒப்பந்தத்தை நீட்டிக்கப்போவதில்லை என்று தெரிந்து, நெதர்லாந்தின் பிஎஸ்வி ஐந்தோவன் கிளப்புக்குப் போக ஒத்துக்கொண்டிருந்தார். அதற்கும் துரோகி என்று எழுதினார்கள். அங்கே இரண்டு வருடம், இரண்டு லீக் பட்டம்.

அப்புறம் லிஸ்பன். ஸ்போர்டிங் கிளப்பில் மொழி தெரியாத இவருக்கு மொழிபெயர்ப்பாளராக ஒரு இளைஞர் வந்தார், ஜோசே மொரின்யோ. 1993 டிசம்பரில் சால்ஸ்பர்க்கிடம் யூஃபா கோப்பையில் தோற்றதும் வேலை போனது. அப்போது ஸ்போர்டிங் லீக்கில் முதலிடம். முதலிடத்தில் இருக்கும்போதே!

இங்கேயும் அடுத்த பக்கத்தைப் பாருங்கள். ஒரு மாதத்துக்குள் போர்ட்டோவில் வேலை. அந்தப் பருவமே போர்ச்சுகல் கோப்பை இறுதியில் போர்ட்டோ ஜெயித்தது. எதிரணி, ஸ்போர்டிங். அடுத்த இரண்டு வருடமும் லீக் பட்டம். ஆனால் நான் அதிகம் நினைப்பது கோப்பையை அல்ல. அவர் குடியிருந்த அதே அடுக்குமாடியில் ஒரு பள்ளிப் பையன் இருந்தான். டொமிங்கோஸ் என்ற ஸ்ட்ரைக்கரை ஏன் ஆட விடுவதில்லை என்று கேட்டு அவருக்கு ஒரு சீட்டு எழுதிப்போட்டான். ஒரு பெரிய கிளப்பின் மேனேஜர் அதைக் கசக்கிப் போட்டிருக்கலாம். இவர் பையனைக் கூப்பிட்டு, சொல்வதைப் புள்ளிவிவரத்தோடு எழுதிக் கொண்டுவா என்றார். எழுதிக் கொண்டுவந்தான். கோச்சிங் படிக்கவும் ஏற்பாடு செய்து கொடுத்தார். அந்தப் பையன் ஆந்த்ரே வில்லாஸ் போவாஸ். 2011இல் அதே போர்ட்டோவோடு யூரோப்பா லீக் ஜெயித்தார். மொழிபெயர்ப்பாளர் மொரின்யோ உலகப் புகழ் பெற்ற கோச் ஆன கதை எல்லோருக்கும் தெரியும்.

பார்சிலோனா 1996-97 ஒரே பருவம். பிரேசில்காரர் ரொனால்டோ 49 ஆட்டத்தில் 47 கோல். கம்போஸ்டெலாவுக்கு எதிராக ரொனால்டோ பாதி மைதானத்திலிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டே போய்ப் போட்ட கோல் நினைவிருக்கிறதா? கேமரா ராப்சன் பக்கம் திரும்பும்போது இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நிற்பார். அவர் முகத்தில் அப்போது மேனேஜர் யாரும் இல்லை, லாங்லி பார்க் பையன்தான் இருக்கிறான். அந்த வருடம் ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பையும் ஸ்பெயின் கோப்பையும் ஜெயித்தும், அவரை ஒதுக்கி அலுவலக நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, புது மேனேஜராக லூயி வான் காலைக் கொண்டுவந்தார்கள். ராப்சன் புதியவரிடம் மொரின்யோவை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

இனி நான் பெரிதாக நினைக்கும் விஷயம். மணல்மேடு, கோச் ஆக நினைக்கும் நீங்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

1999 செப்டம்பரில் 66 வயதில் நியூகாசில் வந்தார். முதல் ஏழு ஆட்டங்களில் அணிக்கு ஒரே ஒரு புள்ளி. அணியின் ஸ்ட்ரைக்கர் ஆலன் ஷியரர் முந்தைய மேனேஜரால் உட்கார வைக்கப்பட்டு நொந்துபோயிருந்தார். ராப்சன் அவரிடம் நீ எவ்வளவு பெரிய ஆள் என்றெல்லாம் புகழ்ந்து பேசவில்லை. உன் முதுகு எப்போதும் கோலைப் பார்த்து இருக்கிறது, பந்தைக் காலுக்கு வாங்குவதற்காக வெளியே வெளியே வருகிறாய், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நில், பின்னால் ஓடு என்பதுதான் அவர் கொடுத்த பாடம். செப்டம்பர் 19, சொந்த மண்ணில் முதல் ஆட்டம், எதிரணி ஷெஃபீல்டு வென்ஸ்டே. 8-0. ஷியரர் ஐந்து கோல்.

இதை என் பெண்கள் அணியில் செய்து பார்த்தேன். 12 வயதுப் பெண், நல்ல வேகம், ஆனால் ஆறு வாரமாக ஒரு கோல் இல்லை, ஆட்டம் முடிந்தால் அப்பாவின் கார் வரை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவாள். மனசைத் தளர விடாதே என்று நானும் எத்தனையோ முறை சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவளை ஓரமாகக் கூட்டிப்போய் ஒரு கோனை டிஃபெண்டராக வைத்து, ஒரு தோள் பந்தைப் பார்க்கட்டும், இன்னொரு தோள் கோலைப் பார்க்கட்டும் என்று நிற்க வைத்தேன். பந்து வரும்போது பின்னங்காலால் முதல் தொடுதல், அதிலேயே திரும்பிவிட வேண்டும். பத்து முறை, இருபது முறை. முதலில் பந்து முழங்காலில் பட்டு எங்கோ போனது. இருபத்தைந்தாவது முறை போல, அவள் பாதம் புல்லில் சரக்கென்று திரும்பி, பந்து உடம்போடு சேர்ந்து வந்தது. அவளே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறு கோல் போடவில்லை, ஆனால் தலை நிமிர்ந்துதான் காருக்குப் போனாள்.

பாபி ராப்சன் அன்பானவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த அன்பு பயிற்சி மைதானத்தில் இப்படித்தான் இருந்தது என்று நினைக்கிறேன். பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்வார், இங்கிலாந்து கேப்டன் பிரையன் ராப்சனைப் பார்த்துக் காலை வணக்கம் பாபி என்றாராம், அவரோ இல்லை நான் பிரையன், நீங்கள்தான் பாபி என்று திருத்தினாராம். பெயர் மறந்தாலும் அந்த ஆள் எந்தக் காலால் எப்படித் தொடுகிறான் என்பது மறக்காது.

மணல்மேடு:

டைன் கரை அண்ணா, ஆர்வெல் அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. கணுக்கால் அடி, பட்னி பலகை இரண்டையும் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு கேள்விகள். நியூகாசிலில் வேலை போனபோது அவருக்கு வயது 71 என்று பார்த்தேன். அதற்கும் அடுத்த பக்கம் இருந்ததா? இரண்டாவது, முதல் படியாக என்ன படிக்க வேண்டும்?

ஆர்வெல்:

இரண்டாவதுக்கு நான் சொல்கிறேன். ஆங்கிலக் கால்பந்துச் சங்கத்தின் அறிமுக வகுப்பை ஆன்லைனிலேயே முடிக்கலாம். பிறகு யூஃபா சி என்ற கோச்சிங் உரிமம், அதற்கு மேல் யூஃபா பி. சிறுவர்களோடு வேலை செய்ய டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு, குழந்தைகள் பாதுகாப்பு வகுப்பு, முதலுதவி மூன்றும் கட்டாயம். வகுப்பை முடித்துவிட்டு கிளப்பைத் தேடலாம் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் கிளப்பில் உதவிக் கோச்சாக இப்போதே கேளுங்கள். ஆள் பற்றாக்குறை எல்லா இடத்திலும் இருக்கிறது.

டைன் கரை:

முதல் கேள்விக்கு வருகிறேன். நியூகாசிலோடு லீக்கில் நான்காவது, மூன்றாவது, ஐந்தாவது இடம் என்று கடைசி மூன்று பருவம் முடித்தவரை, 2004 ஆகஸ்ட் 30 அன்று, புதுப் பருவத்தில் நான்கே ஆட்டங்கள் முடிந்த நிலையில் அனுப்பிவிட்டார்கள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்த மைதானம் அது. அந்த வாரம் ஊரில் பஸ்ஸிலும் கடையிலும் யாரும் வேறு எதுவும் பேசவில்லை.

அடுத்த பக்கம் இருந்தது. புற்றுநோய் அவருக்கு 1992இலேயே முதல் முறை வந்தது. 1995இல் முகத்துக்குள், மேலண்ணத்தின் வழியாகப் பெரிய அறுவை சிகிச்சை. மறுபடி வேலைக்குப் போவதைப் பற்றி யாரும் யோசிக்காத நேரத்தில் போர்ட்டோவுக்குத் திரும்பிப்போய்ப் பட்டத்தை வென்றார். புற்றுநோய் வந்தது மொத்தம் ஐந்து முறை. கடைசியில் குணமாகாது என்று தெரிந்த பிறகு, 2008 மார்ச்சில், இங்கே ஃப்ரீமன் மருத்துவமனையில் புதிய புற்றுநோய் மருந்துகளைச் சோதிக்கும் மையத்துக்காக எல்ஸியும் அவரும் நிதி திரட்டத் தொடங்கினார்கள். கேட்டது 5 லட்சம் பவுண்டு. ஏழே வாரத்தில் சேர்ந்தது. தன்னால் பயன்பெற முடியாது என்று தெரிந்தே அந்த மையத்துக்காக ஊர் ஊராகப் பேசினார்.

2009 ஜூலை 26, செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் அந்த நிதிக்காக ஒரு ஆட்டம். 1990 அரையிறுதியின் நினைவாக இங்கிலாந்தின் பழைய ஆட்டக்காரர்களும் ஜெர்மனியின் பழைய ஆட்டக்காரர்களும். நான் போயிருந்தேன், மேல் தட்டில் இடம். ராப்சனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தும் எவ்வளவு மெலிந்துவிட்டார் என்று தெரிந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரராகக் குனிந்து கை கொடுத்தார்கள், அவர் ஒவ்வொருவரிடமும் ஏதோ பேசினார், வரிசை நகரவே இல்லை. அவசரப்படுத்த யாருக்கும் மனசு வரவில்லை. 3-2 என்று இங்கிலாந்து ஜெயித்தது, ஷியரர் பெனால்டி போட்டார். ஐந்து நாள் கழித்து, ஜூலை 31, வெள்ளிக்கிழமை, போய்விட்டார். 76 வயது. அன்று மாலை மைதானத்துக்குப் போனேன். கறுப்பு வெள்ளைத் துண்டுகளுக்கு நடுவே இப்ஸ்விச்சின் நீலச் சட்டையும் யாரோ கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் நியூகாசிலின் பரம எதிரியான சண்டர்லேண்டின் சிவப்பு வெள்ளை. இந்த ஊரில் அது என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த வாட்ஸ்அப் செய்திக்குப் பிறகு நானும் ஒரு மாதம் போல் சும்மாதான் இருந்தேன். பிறகு கேட்ஸ்ஹெட்டில் வேறொரு சின்ன கிளப்பில் போய்க் கேட்டேன். இப்போது அங்கே 11 வயதுக்குட்பட்ட பெண்கள். வடக்கே வந்தால் சொல்லுங்கள் தம்பி, ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கோன் அடுக்கத் தொடங்குவேன். குனிய முடியாவிட்டால் பரவாயில்லை, நீங்கள் எண்ணிக் கொடுத்தால் போதும்.

மணல்மேடு:

குனிய முடியும் அண்ணா, மெதுவாக. அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு வரட்டுமா?

டைன் கரை:

வாருங்கள். பூட்ஸ் கொண்டுவாருங்கள், அங்கே புல் எப்போதும் ஈரம்.